இரண்டு இருக்கை, 31 கிலோமீட்டர், நடுவில் ஒரு புறவழிச்சாலை

கேள்வி: ஐயா, எனக்கு வயது 56. சின்னதாக ஒரு தையல் கூடம் நடத்துகிறேன். வீட்டிலிருந்து கூடத்துக்கு 11 கிலோமீட்டர். சாயங்காலம் என் அம்மாவைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினால் மொத்தம் 31 கிலோமீட்டர் ஆகிறது. கணவர் ஓய்வு பெற்றவர், பெரும்பாலும் கூடவே வருவார். அவருக்கு மூட்டுவலி. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், பின் சீட்டில் துணி மூட்டையைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்து வருடக்கணக்காகிறது. பெரிய பெட்ரோல் காரை விற்றுவிட்டு இரண்டு பேர் உட்காரும் சின்ன மின்சார கார் வாங்கலாம் என்று நினைக்கிறோம். மூன்று பார்த்திருக்கிறோம். ஒன்று புதிய சிட்ரோயன் அமி. இன்னொன்று ஏழு வருடம் ஓடிய ஸ்மார்ட் ஃபோர்டூ எலெக்ட்ரிக். மூன்றாவது, நாங்கள் இதுவரை பெயரே கேள்விப்படாத ஒரு கம்பெனியின் புது வண்டி. மூன்றில் அதுதான் மலிவு. 120 கிலோமீட்டர் ஓடும் என்கிறார்கள். வாடகை வீடு, மாடியில் குடியிருக்கிறோம். கீழே படிக்கட்டை ஒட்டி 3.2 மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் அகலமும் உள்ள இடம் எங்களுடையது. காலையில் நடுவில் நாலு கிலோமீட்டர் புறவழிச்சாலையில் போவோம்; ஊருக்குள் சுற்றிப் போனால் கால் மணி நேரம் கூடும். எதில் அதிக தூரம் போகும், எதை வாங்குவது?

பதில்: வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். "எதில் அதிக தூரம் போகும்" என்பதுதான் உங்கள் கேள்வி. ஆனால் என் கண் நின்ற இடம் வேறு. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த நாலு கிலோமீட்டர் புறவழிச்சாலை. உங்கள் கார் எது என்பதை முடிவு செய்யப்போவது அதுதான். பேட்டரி அதற்கு அப்புறம்.

ஏன் என்று சொல்கிறேன். அமி பார்க்க கார் மாதிரி இருக்கிறது, நாலு சக்கரம் இருக்கிறது, கதவு இருக்கிறது. ஆனால் ஐரோப்பிய விதிகளின்படி அது கார் இல்லை. இலகு குவாட்ரிசைக்கிள் என்று தனி வகை. அந்த வகைக்கு உச்ச வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர், அதற்கு மேல் போகக் கூடாது. பேட்டரியைத் தவிர்த்த எடையும் 425 கிலோவுக்குள் இருக்க வேண்டும். எடைக்கு அப்படி ஒரு வரம்பு வைத்துவிட்டால் மோதலைத் தாங்குவதற்கான இரும்பை எங்கே வைப்பது? அமியில் ஏர்பேக்கும் கிடையாது. அது தயாரித்தவரின் கஞ்சத்தனம் இல்லை. 45 கிலோமீட்டர் வேகத்தில், தெருக்களுக்குள் ஓடுவதற்கென்று அளந்து செய்த பொருள் அது. அந்த வேலைக்கு அருமையான வண்டி.

இப்போது அந்த வண்டியில் உங்கள் புறவழிச்சாலையில் ஏறுங்கள். மற்ற வண்டிகள் 80ல் வரும், நீங்கள் 45ல் போவீர்கள். வித்தியாசம் 35 கிலோமீட்டர். அதாவது பின்னால் வருகிற லாரி ஒவ்வொரு நொடிக்கும் கிட்டத்தட்ட 10 மீட்டர் உங்களை நெருங்குகிறது. 60 மீட்டர் தள்ளி இருக்கிற லாரி ஆறே நொடியில் உங்கள் முதுகில். அந்த ஆறு நொடியில் அதன் ஓட்டுநர் கைப்பேசியைப் பார்த்துவிட்டால் கதை முடிந்தது. நாலு கிலோமீட்டரைக் கடக்க உங்களுக்கு ஐந்தேகால் நிமிடத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் உங்கள் கண் சாலையில் இருக்காது, பின்பார்வைக் கண்ணாடியில்தான் இருக்கும். பல ஊர்களில் இந்த வகை வண்டிகளை அதிவேகச் சாலைகளில் ஏறவே விடுவதில்லை. உங்கள் சாலைக்கு என்ன விதி என்று பதிவு அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். விதி இடம் கொடுத்தாலும் நான் ஏற மாட்டேன்.

மோதல் சோதனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வண்டிகளை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிற யூரோ என்கேப் அமைப்பு 2014லும் 2016லும் குவாட்ரிசைக்கிள்களைத் தனியாக எடுத்துச் சோதித்தது. 50 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்க மோதல் ஒன்று, பக்கவாட்டு மோதல் ஒன்று. ரெனோ ட்விஸி உட்பட அவர்கள் மோதிப் பார்த்த எதுவும் இரண்டு நட்சத்திரத்தைத் தாண்டவில்லை. அதே 2014ல் ஸ்மார்ட் ஃபோர்டூவின் பெட்ரோல் வண்டி, கார்களுக்கான சோதனையில், 4 நட்சத்திரம் வாங்கியது. நீங்கள் பார்த்த எலெக்ட்ரிக் வண்டியும் அந்தத் தலைமுறைதான். இரண்டு சோதனை முறைகளும் வேறு வேறு, ஆகவே நட்சத்திரத்தை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியில்லை. ஆனாலும் ஒன்று கார், இன்னொன்று காரின் சாயல் என்பது புரிகிறதல்லவா. ஃபோர்டூவின் நீளம் 2.7 மீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். எடையோ ஒரு டன்னைத் தாண்டும். அந்தக் கூடுதல் எடையில் ஒரு பங்கு உங்கள் இருவரையும் சுற்றி இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் கன குவாட்ரிசைக்கிள் என்று இன்னொரு வகையும் உண்டு. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகம் வரை ஓடும். ட்விஸி 80, சுவிட்சர்லாந்துக்காரர்களின் மைக்ரோலினோ எல்லாம் இந்த வகை. மைக்ரோலினோவுக்கு முன்பக்கம் முழுவதுமே கதவு, ஃப்ரிட்ஜைத் திறப்பது போலத் திறந்து நேரே உள்ளே போகலாம். மூட்டுவலிக்காரருக்கு அது வசதியாகக்கூட இருக்கும். ட்விஸியை உங்களுக்கு நான் சொல்லவே மாட்டேன். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் என்று உட்கார வேண்டும். பின்னால் உட்காருபவர் காலை விரித்து முன் சீட்டின் இரு பக்கமும் நீட்ட வேண்டும். உங்கள் கணவர் ஒரே நாளில் பஸ்ஸுக்கு மாறிவிடுவார்.

எனவே முதல் முடிவை நீங்கள் இருவரும் வீட்டில் உட்கார்ந்து எடுக்க வேண்டும். ஊருக்குள் சுற்றிப் போகிற அந்தக் கால் மணி நேரத்தைத் தினமும் கொடுக்க முடியுமா? மழை நாளில், கூடத்தில் ஆள் காத்திருக்கிற நாளில், அலுப்பாக இருக்கிற நாளில்? முடியும் என்றால் அமியைப் பற்றி மேலே பேசலாம். "பெரும்பாலும் முடியும், அவசரத்துக்கு மட்டும் புறவழிச்சாலை" என்று பதில் வந்தால், வேண்டாம். அவசரமான நாளில்தான் மனிதன் கவனம் தவறுகிறான்.

அடுத்தது சாக்கெட். வாடகை வீடு, மாடி, வண்டி கீழே. நான் பார்த்த வரையில் சின்ன மின்சார வண்டி வாங்கிவிட்டு விற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் பேட்டரியால் விற்கவில்லை, ஒயரால் விற்றார்கள். மாடி ஜன்னலிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிட்டு ஆரம்பிப்பார்கள். ஒரு மாதம் ஓடும்.

அப்படி ஒருவர் என்னிடம் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். வெள்ளைப் பெட்டி, மூன்று ஓட்டை. அதில் ஒரு ஓட்டையைச் சுற்றி டீ சிந்திய கறை மாதிரி பழுப்பு வளையம். பிளக்கின் ஒரு கால் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. "இதே பெட்டியில் அயர்ன் பாக்ஸ் பத்து வருஷமாக ஓடுகிறதே" என்றார். அயர்ன் பாக்ஸ் சூடானதும் தானே நின்று, ஆறினதும் தானே ஓடும். தையல் கூடத்தில் நீங்கள் பார்க்காததா. நடுநடுவே ஒயருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கிறது. கார் அப்படி இல்லை. 10 ஆம்பியர் என்றால் 10 ஆம்பியர், மூன்று மணி நேரம், ஐந்து மணி நேரம், விடாமல் இழுக்கும். தளர்ந்துபோன ஒரு திருகு போதும், அந்த இடம் அடுப்பாகிவிடும்.

அதனால் வண்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் பேசுங்கள். கீழே நிறுத்துமிடத்துச் சுவரில், உங்கள் மீட்டரிலிருந்து தனி ஒயர், மின்சாரம் அளவுக்கு மேல் ஓடினால் தானே விழுகிற தனி எம்சிபி, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்சிசிபி, சரியான எர்த், ஒரு கனரக சாக்கெட். எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. காலி செய்யும்போது சாக்கெட்டை விட்டுவிட்டுப் போகிறோம் என்று சொன்னால் பல வீட்டுக்காரர்கள் சம்மதிப்பார்கள். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் சார்ஜ் போட்டு அரை மணி கழித்துப் புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கையை எடுக்கத் தோன்றினால் உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்காரர் முடியாது என்றால்? கூடத்தில் வண்டி நிறுத்த இடம் இருந்து, அங்கே சாக்கெட் போட முடிந்தால் அதுவும் போதும். பகல் முழுக்க வண்டி அங்கேதானே நிற்கிறது. இரண்டு இடத்திலும் வழியில்லை, பொது சார்ஜரை நம்பித்தான் வாங்க வேண்டும் என்றால் இந்த யோசனையையே தள்ளிப்போடுங்கள். அமியும் சரி, அந்த ஃபோர்டூவும் சரி, பெரிய கார்கள் போல அரை மணியில் ஏற்றிக்கொண்டு ஓடும் டிசி வேக சார்ஜர்களில் போட முடியாதவை.

சரி, இப்போது தூரம். நீங்கள் கேட்ட கேள்விக்கு வந்துவிட்டேன்.

கிலோவாட் அவர் என்பதெல்லாம் வேண்டாம், மின்சார பில்லில் வருகிற யூனிட் என்றே வைத்துக்கொள்வோம், இரண்டும் ஒன்றுதான். அமியின் பேட்டரி 5.5 யூனிட். கம்பெனி சொல்கிற தூரம் 75 கிலோமீட்டர். யூனிட்டுக்குப் பதின்மூன்றரை கிலோமீட்டர். இது சோதனைக் கூடத்துக் கணக்கு. இரண்டு பேர், துணி மூட்டை, மேடு பள்ளம், சிக்னலுக்குச் சிக்னல் நிற்பது எல்லாம் சேர்ந்தால் 55 என்று எடுத்துக்கொள்ளுங்கள். சில வருடம் போய் பேட்டரி ஐந்தில் ஒரு பங்கு தேய்ந்தால் 44. உங்கள் தேவை 31. போதும், ஆனால் தினமும் சார்ஜ் போட வேண்டும். ஒருநாள் மறந்தால் மறுநாள் காலை வண்டி வீட்டில்தான். காலிப் பேட்டரி நிறைய, சாதாரண சாக்கெட்டில் சுமார் மூன்று மணி நேரம்.

ஃபோர்டூவின் பேட்டரி புதிதில் 17.6 யூனிட். அதில் கொஞ்சத்தைப் பாதுகாப்புக்கென்று வண்டியே ஒதுக்கி வைத்துக்கொள்ளும். ஏழு வருட வண்டியில் 13 யூனிட் மிஞ்சியிருந்தால் சந்தோஷப்படுவேன். கனமான வண்டி என்பதால் யூனிட்டுக்கு ஆறு, ஆறரை கிலோமீட்டர்தான் கொடுக்கும். பெருக்கிப் பாருங்கள், 80 கிலோமீட்டர் பக்கத்தில் வரும். உங்களுக்கு இரண்டு நாள் ஓட்டம். அமியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் மின்சாரம் குடிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் தினம் 31 கிலோமீட்டருக்கு அந்த வித்தியாசம் சுமார் இரண்டு யூனிட். பெட்ரோல் கார் ஓட்டிய வீட்டுக்கு அது ஒரு பெரிய செலவாகத் தெரியாது.

தூரக் கணக்கில் பலரும் விடுகிற இடம் ஏசியும் ஹீட்டரும். உங்கள் ஊர் வெயில் ஊரா குளிர் ஊரா என்று நீங்கள் எழுதவில்லை. பெரிய கார்க்காரர் ஏசியைப் பற்றிக் கவலைப்பட மாட்டார். 50 யூனிட் பேட்டரியில் மணிக்கு ஒரு யூனிட் போனால் என்ன? சின்ன பேட்டரியில் கதை வேறு. ஏசி ஓடுகிற தூரத்துக்கு ஏற்றபடி தின்பதில்லை, ஓடுகிற நேரத்துக்கு ஏற்றபடி தின்கிறது. நெரிசலில் ஒரு மணி நேரம் நகராமல் நின்றாலும் அது ஒரு யூனிட் குடித்துக்கொண்டிருக்கும். நகரத்தில் சராசரி வேகம் 20 என்றால் உங்கள் 31 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம், ஒன்றரை யூனிட். ஃபோர்டூவால் அதைத் தாங்க முடியும். அமிக்கு இந்தப் பிரச்சினையே இல்லை, ஏனென்றால் அதில் ஏசி கிடையாது! ஜன்னலின் கீழ்ப்பாதியைக் கையால் மேலே மடித்துத் திறந்துகொள்ள வேண்டும். மேற்கூரையும் கண்ணாடி. கடும் வெயில் ஊர் என்றால் மத்தியானம் இரண்டு மணிக்கு ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். குளிர் ஊர் என்றால் வேறு தொந்தரவு. சின்ன அறைக்குள் இரண்டு பேர் மூச்சுவிட்டால் ஐந்து நிமிடத்தில் முன்கண்ணாடி பனி படர்ந்து மங்கிவிடும்.

மூன்றாவது வண்டிக்கு வருகிறேன். 120 கிலோமீட்டர் என்று சொன்னவர் பேட்டரி எத்தனை யூனிட் என்று சொன்னாரா? அது லித்தியமா, லெட் ஆசிட்டா? கடிதத்தில் இல்லை. மூன்றில் மலிவு என்றதுமே எனக்கு லெட் ஆசிட் வாசனை அடிக்கிறது. இன்வெர்ட்டருக்குப் போடுகிறோமே, அந்த வகைப் பேட்டரி. அதில் ஐந்தாறைத் தொடராகக் கோத்துச் சீட்டுக்கு அடியில் வைத்திருப்பார்கள். அடிவரை காலி செய்து நிரப்பினால் 300, 500 தடவைதான் தாங்கும். தினமும் ஓட்டுகிற உங்களுக்கு அது ஒன்று, ஒன்றரை வருடம். அப்புறம் புது செட். இரண்டாவது செட் வாங்கும்போது மலிவு காணாமல் போயிருக்கும். இன்னொன்று, காலியான நிலையில் நாள்கணக்கில் விட்டால் தகட்டில் கந்தக உப்பு படிந்து பேட்டரி கெட ஆரம்பிக்கும். நீண்ட நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் வண்டி நகராமல் போகலாம். லித்தியத்தில் எல்எஃப்பி என்கிற லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை 2,000 தடவைக்கு மேல் தாங்கும். உறைநிலைக் குளிரில் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பது அதன் முக்கியமான குறை. விற்பவர் "நல்ல பேட்டரி சார்" என்றால் விடாதீர்கள், ரசாயனத்தின் பெயரையும் யூனிட்டையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அதுவே பதில்.

பெயர் தெரியாத கம்பெனி என்பதற்காகவே ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டு சீட்டர் தொழில் கம்பெனிகளை விழுங்குகிற தொழில். நார்வேயின் திங்க் நிறுவனம் இரண்டு சீட்டு மின்சார கார் செய்து பெயர் வாங்கிய நிறுவனம், 2011ல் திவாலானது. கனடாவின் எலெக்ட்ரா மெக்கானிக்கா ஒருவர் மட்டும் போகிற மூன்று சக்கர மின்சார வண்டி விற்றது. ஓடும்போதே சக்தி நின்றுபோகிற கோளாறு வந்து, 2023ல், அதுவரை விற்ற 429 வண்டிகளையும் திரும்ப அழைத்து, பணத்தைக் கொடுத்துத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். அப்படி யோக்கியமாகத் திருப்பி வாங்க எல்லோரிடமும் பணம் இருக்காது. ஆகவே கேளுங்கள்: முன்கண்ணாடி உடைந்தால் எங்கே கிடைக்கும், எத்தனை நாளில்? பிரேக் தகடு? மோட்டாரைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலர் போர்டு? ஃபோர்டூவின் உற்பத்தியும் 2024ல் நின்றுவிட்டது. ஆனால் அந்தத் தலைமுறை ரெனோ ட்விங்கோவோடு சேர்த்து வடிவமைத்தது, பல பாகங்கள் பொது. உதிரி பாகத்துக்கு அலைய வேண்டியிருக்காது.

இந்த மூன்றாவதைப் பட்டியலிலிருந்து நான் அடித்துவிடுகிறேன். புறவழிச்சாலை நிலவரத்தைப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது ஃபோர்டூதான். ஆனால் பழைய மின்சார கார் என்பது பழைய பெட்ரோல் கார் இல்லை. என்ஜின் சத்தம் கேட்டு, புகை பார்த்து வாங்க முடியாது. அந்தப் பெட்டிக்குள் எத்தனை யூனிட் மிச்சம் இருக்கிறது என்பதுதான் வண்டியின் விலை. அதை நீங்களே அளக்கலாம்.

பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் மாட்டுகிற சின்ன மின் மீட்டர் கடைகளில் கிடைக்கும், 10 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வண்டி 20 சதவீதத்தில் இருக்கும்போது அதன் வழியாகச் சார்ஜ் போடுங்கள். 80 வந்ததும் நிறுத்திவிட்டு மீட்டரைப் படியுங்கள். 9 யூனிட் என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்து, பன்னிரண்டு சதவீதம் சார்ஜரில் சூடாகப் போயிருக்கும், மிச்சம் 8. அறுபது சதவீதத்துக்கு 8 யூனிட் என்றால் நூற்றுக்குச் சுமார் 13.3. நல்ல வண்டி. 6 யூனிட்தான் காட்டியது என்றால் முழுப் பேட்டரியும் 9 யூனிட்டுக்குள்; கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இதற்கு நாலு மணி நேரமாவது ஆகும். விற்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

கூடவே காகிதங்களையும் பாருங்கள். சில மின்சார வண்டிகளை, ட்விஸி அதில் ஒன்று, பேட்டரியை மாத வாடகைக்கு வைத்து விற்றிருக்கிறார்கள். வண்டி உங்களுடையது, பேட்டரி வேறொருவருடையது! பேட்டரியும் விற்பனையில் சேர்ந்ததுதான் என்று எழுத்தில் இருக்க வேண்டும். பேட்டரி உத்தரவாதம் இன்னும் மிச்சம் இருக்கிறதா, அது புது உரிமையாளருக்கு மாறுமா என்பதையும் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள், அதைப் பற்றி நான் நீட்டவில்லை.

சொந்தக் கதை ஒன்று. பழைய இரண்டு சீட்டு மின்சார வண்டி ஒன்றை நான் சில காலம் வைத்திருந்தேன். ஒருநாள் காலை சாவியைத் திருப்பினால் பிணம் மாதிரி கிடந்தது. விளக்கு இல்லை, சத்தம் இல்லை. நான் ஊரில் இல்லாத நேரம், வீட்டில் பதறிப்போய் ஒரு பணிமனைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பெரிய பேட்டரி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அந்தத் தொகைக்கு அதே போல இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம். ஊரிலிருந்து வந்து மூடியைத் திறந்து பார்த்தேன். போயிருந்தது 12 வோல்ட் சின்ன பேட்டரி, பெட்ரோல் காரில் இருக்குமே, அதேதான். மின்சார காரிலும் அது உண்டு. அது உயிரோடு இருந்தால்தான் பெரிய பேட்டரியின் கதவே திறக்கும். மாற்ற இருபது நிமிடம் ஆனது. இத்தனை வருடம் இதையே தொழிலாக வைத்திருப்பவன் வீட்டிலேயே இப்படி. அதனால் நீங்கள் வாங்குகிற வண்டியில் அந்தச் சின்ன பேட்டரி எப்போது மாற்றியது என்று கேளுங்கள். நாலைந்து வருடம் ஆகியிருந்தால் வாங்கிய வாரத்திலேயே மாற்றிவிடுங்கள்.

இனி நிறுத்துமிடம். 3.2 மீட்டர் நீளத்தில் இரண்டு வண்டியும் அடங்கும், அமி 2.41 மீட்டர்தான். அகலத்தில்தான் யோசிக்க வேண்டும். அமியின் அகலம் 1.39 மீட்டர், ஃபோர்டூ 1.66. உங்கள் 2.4 மீட்டரில் ஃபோர்டூவை ஒரு பக்கச் சுவரோடு ஒட்டி, ஒரு சாண் விட்டு நிறுத்தினால் மறுபக்கம் அரை மீட்டருக்கு மேல் கிடைக்கும். ஒருவர் இறங்கப் போதும். ஆனால் இரண்டு கதவுக் கார்களுக்குக் கதவு நீளம். நீளமான கதவு அகலமாகத் திறந்தால்தான் உடம்பு வெளியே வரும். உங்களுக்குத் தையல் சாக்பீஸ் கையில் இருக்கும். தரையில் வண்டியின் அளவை வரையுங்கள், கதவு திறக்கிற அளவையும் வரையுங்கள். அதற்குள் நின்று இறங்குவது மாதிரி ஒருமுறை செய்து பாருங்கள். கணவர் வண்டி உள்ளே வருவதற்கு முன்பே வாசலில் இறங்கிவிடட்டும்.

அவர் மூட்டுவலியைப் பற்றி இன்னொரு வார்த்தை. ஷோரூமில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து "பரவாயில்லை" என்று சொல்லிவிடுவார். ஆண்கள் விற்பனையாளர் முன்னால் வலியைச் சொல்வதில்லை. ஐந்து தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள், அதுவும் சாயங்காலத்தில், வலி கூடுகிற நேரத்தில். சீட்டின் விளிம்பு அவர் முழங்காலுக்குக் கீழே எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பாருங்கள். எழும்போது கை எதைப் பிடிக்கத் தேடுகிறது என்று பாருங்கள். அமியில் இரண்டு கதவும் அச்சு அசலாக ஒன்றுபோலவே செய்தவை. அதனால் ஓட்டுநர் பக்கக் கதவு பின்னாலும் மற்றது முன்னாலும் கீல் வைத்துத் திறக்கும். ஓட்டுகிற உங்களுக்கு அது பழகச் சில நாள் ஆகும். துணி மூட்டையையும் கொண்டு போங்கள். காலி வண்டியைப் பார்த்து "போதும்" என்று நினைக்கிற இடம், நிஜ மூட்டையை வைத்ததும் சுருங்கிவிடும்.

ஓட்டிப் பார்க்கும்போது அவர்கள் காட்டுகிற வழுவழுப்பான சாலை வேண்டாம். உங்கள் தெரு வேகத்தடையில் ஏற்றுங்கள், அம்மா வீட்டுக்குப் போகிற குழி விழுந்த பாதையில் விடுங்கள். இரண்டு அச்சுக்கும் நடுவில் தூரம் குறைவான வண்டி குழியில் முன்னும் பின்னுமாகத் தலையாட்டும், பெரிய காரில் தெரியாத பள்ளமெல்லாம் முதுகில் தெரியும். ஆனால் ஃபோர்டூவை ஒரு சந்தில் திருப்பிப் பாருங்கள். மோட்டார் பின்பக்கம் இருப்பதால் முன்சக்கரம் அவ்வளவு தூரம் மடியும். ஏழு மீட்டருக்குள் முழு வட்டம் அடிக்கும். பெரிய காரில் மூன்று தடவை முன்னும் பின்னும் போன இடத்தில் ஒரே சுற்றில் வெளியே வந்துவிடுவீர்கள். அன்றைக்கு உங்களுக்கு அந்த வண்டி பிடித்துவிடும் என்று நினைக்கிறேன். பிடித்த பிறகும் மீட்டர் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

ஒருவேளை ஃபோர்டூ அந்தச் சோதனையில் தோற்றால், அதே மாதிரி வேறொரு பழைய வண்டி கிடைக்கும் வரை பெட்ரோல் காரை விற்காமல் காத்திருங்கள். அல்லது புறவழிச்சாலையைச் சுத்தமாக விட்டுவிட இருவரும் ஒப்புக்கொண்டால் புது அமியை வாங்குங்கள். ஒரு மாதம் பெட்ரோல் காரிலேயே ஊருக்குள் சுற்றிப் போய்ப் பழகிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சார்ஜ் சோதனை முடிந்ததும் எத்தனை சதவீதத்திலிருந்து எத்தனை சதவீதம் வரை, மீட்டரில் எத்தனை யூனிட் என்று எனக்கு எழுதுங்கள். கேட்கிற விலை அந்த எண்ணுக்குத் தகுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.